பட்டாணியை அழைக்கப் போன கார்

அன்று காலை பேக்கரிக்காரருக்குச் சட்டைப் பொத்தான் எந்த ஓட்டைக்குள் போகும் என்பதே மறந்துவிட்டது. ஒன்றை ஏற்றிப் போட்டுக்கொண்டு, கண்ணாடியில் பார்த்து, எல்லாவற்றையும் கழற்றி, மறுபடியும் அதே தப்பைச் செய்தார். தினமும் விடியும் முன் எழுந்து மாவு பிசைகிற கை அது. அந்தக் கைக்கு அன்று என்னவோ ஆகிவிட்டது.

"குடுங்க இங்க," என்று மனைவி வந்து போட்டுவிட்டாள்.

அவள் லிஃப்ட் பழுது பார்ப்பவள். நடுவழியில் லிஃப்ட் நின்று உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால், அந்த ஆளோடு வெளியிலிருந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே மோட்டாரைச் சரி செய்கிற வேலை. அதனால் பதற்றம் என்பதை அவள் எப்போதும் அடுத்தவர் குரலில்தான் கேட்டிருக்கிறாள். ஆனால் அன்று அவளும் இரண்டு காலுக்கும் வேறு வேறு செருப்பைப் போட்டுக்கொண்டு கார்வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள். திரும்பி வந்தவளைப் பார்த்து அவர் சிரிக்க, அவளும் சிரித்தாள். இருவருக்கும் சிரிப்பை நிறுத்தத் தெரியவில்லை.

அவர்கள் மகளை அழைத்துவரப் போகிறார்கள். விண்ணப்பம், நேர்காணல், வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டுப் போனவர்கள், கோர்ட் என்று எல்லாம் முடிந்து, இன்றைக்குத்தான் கையில் கொடுக்கிறார்கள். பக்கத்து ஊர் காப்பகத்தில் வளர்கிற பெண் குழந்தை. நாலு வயது இன்னும் முடியவில்லை. வந்த புதிதில் உருண்டையாக, கைக்கடக்கமாக இருந்ததால் அங்கே எல்லோரும் அவளைப் பட்டாணி என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

முதல் இரண்டு தடவை பார்க்கப் போனபோது பட்டாணி இவர்களிடம் வாயே திறக்கவில்லை. அடுத்த தடவை, பேக்கரிக்காரரின் சட்டைப்பைக்குள் கையை விட்டு, அடியில் கிடந்த ரொட்டித் தூளை எடுத்துத் தின்றாள். வீடு திரும்பும் வழியெல்லாம் அவர் அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தார்.

கடைசியாகப் போய்ப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது காப்பக நிர்வாகி அம்மா இவர்களைத் தனியாக நிறுத்தி ஒன்று சொல்லியிருந்தார். "இதுக்கு முன்னாடி வேற ஒரு தம்பதி இவளைக் கூட்டிட்டுப் போறதா இருந்துச்சு. வர்ற நேரத்தையும் இவகிட்ட சொல்லிட்டுப் போனாங்க. வரலை. பையை மடியில வெச்சுக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் படியிலயே உக்காந்திருந்தா. அதனால நேரம் சொல்லாதீங்க. சொன்னா வந்துடுங்க."

ஆனால் பேக்கரிக்காரர் அதற்கு முன்பே பட்டாணியிடம் சொல்லிவிட்டிருந்தார். மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் வந்துவிடுவோம் என்று.

காரின் பின் இருக்கையில் குழந்தை நாற்காலியைப் பொருத்தி ஒரு வாரம் ஆகியிருந்தது. பழகிப் பார்க்க வேண்டும் என்று பேக்கரிக்காரர் அதில் ஒரு சின்ன மைதா மூட்டையை உட்கார வைத்து, வாரைப் போட்டு, தெருவை இரண்டு சுற்று சுற்றி வந்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டார்.

மனைவிதான் ஓட்டினாள். வெயில் சுள்ளென்று ஏறியிருந்தது. நெடுஞ்சாலையில் போக்குவரத்து அதிகம் இல்லை. பேக்கரிக்காரர் மடியில் ரொட்டிப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு, "நம்மளைப் பாத்ததும் அழுதுட்டான்னா?" என்றார்.

"அழட்டும்."

"அழலைன்னா?"

"அப்ப நீங்க அழுங்க. ஒரு ஆளாவது அழணும்ல."

முன்னால் ஜல்லி ஏற்றிய லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. அவள் இடைவெளி விட்டுத்தான் வந்தாள். ஒரு பஸ் இவர்களைத் தாண்டிப் போக, லாரி அதற்கு வழிவிட்டு ஓரம் ஒதுங்க, அதன் சக்கரம் மண்ணில் இறங்கி ஏறியது. அடுத்த நொடி முன்கண்ணாடியில் டக் என்று ஒரு சத்தம். பேக்கரிக்காரர் ரொட்டிப் பொட்டலத்தைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

பொட்டலத்தை இறக்கிப் பார்த்தபோது, அவருக்கு எதிரே கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் கல் பட்ட ஒரு சின்னப் புள்ளி. புள்ளியைச் சுற்றி எறும்புக் கால் மாதிரி மெல்லிய கோடுகள்.

"ஒண்ணுமில்ல. பொட்டு வெச்ச மாதிரி இருக்கு, அவ்வளவுதான். போயிட்டே இரு."

அவள் அடுத்து வந்த பெட்ரோல் பங்க்கில் வண்டியைத் திருப்பி நிறுத்தினாள். இறங்கிப் போய்க் குனிந்து, விரலால் தொடாமல் பார்த்தாள்.

"ஏன் நிறுத்தின? நேரம் ஆகுது."

"திரும்பி வர்றப்ப பின்னாடி அவ இருப்பா. அப்ப இது விரிஞ்சு ஓடுச்சுன்னா என்ன பண்றது? முதல்ல தம்பிக்குப் போனைப் போடுங்க."

அவர் முகம் சுருங்கிவிட்டது. மனைவியின் தம்பி இன்சூரன்ஸ் ஏஜென்ட். குடும்பத்தில் அவருக்குப் பெயர் மைக். கையில் கிடைத்தால் ஆளை விடமாட்டார். சாப்பிட உட்கார்ந்தால் சோற்றைப் பிசைந்துகொண்டே விபத்துக் காப்பீடு, கையைக் கழுவிக்கொண்டே தீக் காப்பீடு. இந்தக் காரை வாங்கியபோதும் பேக்கரிக்காரர் அவர் நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். கையெழுத்துப் போட்டால் பேச்சு நிற்குமே என்பது ஒன்றுதான் காரணம். காருக்கு எதெதற்குக் காப்பு இருக்கிறது, எதற்கு இல்லை என்று அவருக்கு ஒன்றும் தெரியாது.

மனைவியே எண்ணை அழுத்தி, சத்தம் வெளியே கேட்கும்படி வைத்தாள். மறுமுனையில், "ஆ... ம்ம்ம்... ஊ," என்று ஏதோ கேட்டது.

"என்னடா ஆச்சு உனக்கு?"

கொஞ்சம் உருட்டல் சத்தம். பிறகு ஒரு பெண் குரல். "நான் பல் டாக்டர் பேசறேங்க. இப்பதான் இவருக்கு மரத்துப் போறதுக்கு ஊசி போட்டேன். வாய் நிறைய பஞ்சு வெச்சிருக்கு. அவசரமா?"

பேக்கரிக்காரர் வானத்தைப் பார்த்தார். அந்த மனிதரின் வாயை யாராவது அடைக்க மாட்டார்களா என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறார். அது நடப்பதற்கு இந்த நாள்தானா கிடைத்தது?

மனைவி நடந்ததைச் சொன்னாள். மறுமுனையில் ஏதோ தாள் சரசரத்தது. "பேப்பர் கேக்கறாரு, குடுத்திருக்கேன். எழுதறாரு... நான் படிக்கறேன். 'கல் பட்ட இடம் ஒரு காசை விடப் பெருசா, சின்னதா?'"

"சின்னதுதான்."

"'ஓட்டுறவங்க கண்ணுக்கு நேரா இருக்கா? கண்ணாடி ஓரத்தைத் தொடுதா?'"

"ரெண்டும் இல்ல."

"தலையை ஆட்டறாரு. சந்தோஷமா இருக்காரு. 'அப்ப கண்ணாடியை மாத்த வேண்டாம். அந்தக் குழியில பசை மாதிரி ஒண்ணை ஏத்தி அடைச்சுடுவாங்க. கண்ணாடிக்குன்னு தனியா ஒரு காப்பு உங்க பாலிசியில சேர்த்திருக்கேன். அடைக்கிறதுன்னா முழுக்க கம்பெனி பொறுப்பு. உங்க போனஸும் போகாது.' ஏங்க, இது என்ன போனஸ்?"

"வருஷம் பூரா ஒண்ணும் கேக்காம இருந்தா அடுத்த வருஷம் பிரீமியத்துல கொஞ்சம் தள்ளிக் குடுப்பாங்க. அது."

"அப்படியா. எனக்கு யாரும் சொல்லலையே." டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "'முதல்ல கம்பெனிக்குப் போன் பண்ணிச் சொல்லு. போட்டோ எடு. அவங்க அனுப்பற ஆள்தான் கை வைக்கணும். வழியில பாத்த கடையில செஞ்சுட்டு அப்புறம் பில்லை நீட்டினா இழுத்தடிப்பாங்க.' இந்த இடத்துல ரெண்டு கோடு போட்டிருக்காரு. இப்ப பேப்பரைத் திருப்பறாரு. இன்னும் எழுதறாரு..."

"போதும் டாக்டர், ரொம்ப நன்றி," என்று பேக்கரிக்காரர் குறுக்கே புகுந்து போனை அணைத்துவிட்டார். "விட்டா தீக் காப்பீடு வரைக்கும் எழுதுவான்."

மனைவி கம்பெனியின் எண்ணைப் பிடித்து, நிழலில் நின்று பேச ஆரம்பித்தாள். இடத்தைக் கேட்டார்கள், வண்டி எண்ணைக் கேட்டார்கள். பழுது பார்க்கிற வேன் ஒன்று பக்கத்தில்தான் இருக்கிறது, அரை மணிக்குள் வந்துவிடும் என்றார்கள். புள்ளி தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். அவள் கணவரைப் பார்த்து, படம் எடுங்கள் என்று கையால் ஜாடை காட்டினாள்.

இதுவரை ஒரு வேலையும் இல்லாமல் நின்றவருக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. போனை நீட்டிப் பார்த்தார். கண்ணாடி முழுக்கப் புழுதி, வழியில் அடிபட்ட பூச்சிகள் வேறு. புள்ளி எது, பூச்சி எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. பங்க் கடைக்கு ஓடி, ஃப்ரிட்ஜிலிருந்து ஜில்லென்று ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கி வந்தார். வெயிலில் கொதித்துக்கொண்டிருந்த கண்ணாடியில் அதைத் தாராளமாக ஊற்றினார்.

டிக் என்று ஒரு சின்ன சத்தம்தான் வந்தது. புள்ளியிலிருந்து ஒரு கோடு புறப்பட்டது. அவர் கண்ணெதிரே, யாரோ பென்சிலால் இழுப்பது போல, அவசரமில்லாமல் மேலே ஏறி, வளைந்து, ஓட்டுநர் பக்கம் திரும்பி, ஸ்டீயரிங்குக்கு நேரே வந்து நின்றது. அவர் ஊற்றுவதை நிறுத்திய பிறகும் அது கொஞ்சம் போயிற்று.

மனைவி வந்து பார்த்தாள். கண்ணாடியைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தாள்.

"ஏங்க."

"படம் சுத்தமா வரட்டும்னு..."

பாட்டிலை எங்கே வைப்பது என்று தெரியாமல் இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார். "அவ படியில உக்காந்திருப்பாளே. நான்தான் நேரம் சொன்னேன். நான்தான் உடைச்சேன்."

அவள் பாட்டிலை வாங்கி மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்தாள். "லிஃப்டுக்குள்ள ஆள் மாட்டியிருக்கறப்ப, எந்தப் பட்டனை யாரு அழுத்தினாங்கன்னு நாங்க கேக்கறதில்ல. முதல்ல ஆளை வெளிய எடுப்போம். கம்பெனிக்கு மறுபடி பேசுங்க."

"என்னன்னு பேசறது? கல் பட்டதுலயே மொத்தமும் ஓடிடுச்சுன்னு சொல்லிடட்டா? தண்ணி ஊத்தினேன்னு சொன்னா, நீயே உடைச்சுட்டே, ஒண்ணும் கிடையாதுன்னுடுவாங்க."

"நடந்ததைச் சொல்லுங்க."

அவர் சொன்னார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல அவருக்கு வரவில்லை. ஜல்லி லாரியில் தொடங்கி, பட்டாணி, படி, சாப்பாட்டு மணி, பூச்சி, ஃப்ரிட்ஜ் என்று எல்லாவற்றையும் சொன்னார். மறுமுனையில் இருந்த பெண் கடைசியில் ஒன்றுதான் கேட்டாள்.

"சார், ஐஸ் தண்ணியா?"

"ஆமாம்மா."

இருமல் மாதிரி ஒரு சத்தம் கேட்டது. "பரவால்ல சார். கல் பட்டதுதான் காரணம். அதுல இருந்து விரிசல் ஓடினதும் அதே சேதம்தான். நீங்க வேணும்னு செய்யலையே. மாத்தறதுக்கும் உங்க பாலிசியில இடம் இருக்கு. ஆனா அடைக்கிறது மாதிரி முழுசா இல்ல, ஒரு பங்கு நீங்க போடணும். கண்ணுக்கு நேரா விரிசல் இருக்கறதால இனி வண்டியை ஓட்டாதீங்க. இழுவை வண்டி அனுப்பறேன், அதுவும் இதுலயே சேரும். வேன் வந்ததும் கண்ணாடி எங்க இருக்குன்னு அதுல வர்றவர் சொல்லுவார்." பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "சீக்கிரம் போய்ச் சேருங்க சார்," என்றாள்.

பேக்கரிக்காரர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணாடிக்கு வழி பிறந்துவிட்டது. பட்டாணிக்கு?

வேன் வந்தது. இருபுறமும் சாய்வுச் சட்டங்களில் கண்ணாடிகள் செருகி நின்றன. இறங்கிய கண்ணாடிக்காரர் அகலமான தோளும் அடர்ந்த மீசையுமாக இருந்தார். விரிசலைப் பார்த்ததும் உச்சுக்கொட்டினார்.

"அடைக்கலாம்னு வந்தேன். ஓடிடுச்சே. இது மாத்தறதுதான். கையில இந்த மாடல் இல்ல, எங்க பட்டறையில ஒண்ணு கிடக்கு." எந்த ஊரில் பட்டறை என்றும் சொன்னார்.

மனைவி நிமிர்ந்தாள். "அந்த ஊர்ல எங்க?"

"பஸ் நிலையத்துக்குப் பின்னாடி. ரெண்டு தெரு தள்ளி ஒரு பிள்ளைங்க காப்பகம் இருக்கும். பச்சை கேட்."

பேக்கரிக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை விடவே இல்லை. மனைவிதான் விஷயத்தைச் சொன்னாள். கண்ணாடிக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"முன்னாடி ரெண்டு பேர் உக்காரலாம். இழுவை வண்டிக்காரர் நம்ம ஆள்தான், சாவியை பங்க்ல குடுத்துட்டு ஏறுங்க."

மனைவி காரின் பின்கதவைத் திறந்து குழந்தை நாற்காலியைக் கழற்றினாள். "நம்ம கார் வராட்டியும், அவ நாற்காலி வந்ததை அவ பாக்கணும்," என்றாள். வேனில் அது பேக்கரிக்காரரின் மடியில் ஏறியது. நாற்காலிக்கு மேலே ரொட்டிப் பொட்டலம். அதற்கு மேலே அவருடைய மோவாய்.

ஆனால் கண்ணாடிக்காரர் வேகமாக ஓட்டவில்லை. மற்ற வண்டிகளெல்லாம் தாண்டிப் போயின. ஒரு டிராக்டர் தாண்டிப் போனது. வேகத்தடை வந்தால் குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவது போல முன்சக்கரத்தை ஏற்றி, இறக்கி, பிறகு பின்சக்கரத்தை ஏற்றினார். பேக்கரிக்காரரின் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது.

"கோச்சுக்காதீங்க," என்றார் கண்ணாடிக்காரர். "பின்னாடி சரக்கு இருக்கு. வேகமா போக எனக்குக் காலே வராது."

"நீங்க போங்க," என்றார் பேக்கரிக்காரர். "சரக்கு முக்கியம்." அவர் நெற்றியிலிருந்து வியர்வை ரொட்டிப் பொட்டலத்தின் மேல் சொட்டியது.

ஊருக்குள் நுழையும்போது கண்ணாடிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். பெரிய சாலையை விட்டு ஒரு சந்துக்குள் திருப்பினார். பிறகு இன்னொரு சந்து. காய்ந்துகொண்டிருந்த துணிகளுக்கு அடியில் வேன் தலையைக் குனிந்து போவது போலப் போயிற்று. "இது எங்க ஆளுங்களுக்கு மட்டும் தெரிஞ்ச வழி," என்றார். அப்போதுதான் அவரும் வேர்த்திருப்பதை மனைவி கவனித்தாள்.

பச்சை கேட் தெரிந்தது. உள்ளே, படியில், பட்டாணி உட்கார்ந்திருந்தாள். மடியில் பை. எண்ணெய் வைத்து வாரிய தலை. வேனைப் பார்த்தாள். அது தனக்கு வந்த வண்டி இல்லை என்று முடிவு செய்துகொண்டு, தெருவின் மறுகோடியைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

உள்ளே சாப்பாட்டு மணி அடித்தது.

வேன் முழுதாக நிற்பதற்குள் கதவைத் திறந்துவிட்டார் பேக்கரிக்காரர். நாற்காலியோடு இறங்கியவர், இறங்கினார் என்று சொல்வதை விட விழுந்தார் என்று சொல்லலாம். முழங்காலில் மண்ணோடு எழுந்து, நாற்காலியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கேட்டைத் தள்ளினார். பட்டாணி எழுந்து நின்றாள்.

அழவில்லை. ஓடி வரவும் இல்லை. அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"கார் எங்க?"

அவர் குந்தி உட்கார்ந்தார். "கண்ணாடி உடைஞ்சு போச்சு."

"யாரு உடைச்சா?"

"பாதி கல்லு. பாதி நான்."

அவள் அதை யோசித்தாள். பிறகு குரலைத் தணித்து, "திட்டினாங்களா?" என்று கேட்டாள். கேட்டது அவரை; பார்த்தது, பின்னால் வந்துகொண்டிருந்த அவர் மனைவியை.

"இல்லையே."

"அடிச்சாங்களா?"

"இல்ல."

அவள் இன்னும் பார்த்துக்கொண்டே இருந்தாள். லிஃப்டுக்காரி பக்கத்தில் வந்து படியில் உட்கார்ந்தாள். "உடைஞ்சா மாத்திக்கலாம். இப்பதான் மாத்தப் போறாங்க. பக்கத்துலதான். பாக்க வர்றியா?"

பட்டாணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை.

நிர்வாகி அம்மாதான் குறுக்கே நின்றார். கறாரான மனுஷி. "எங்க விதி ஒண்ணு இருக்கு. பிள்ளையைக் கார்ல உக்காத்தி வெச்சு, வார் போட்டதை நான் கண்ணால பாத்துட்டுத்தான் அனுப்புவேன். கார் இல்லாம எப்படி?"

"அப்ப நீங்களும் வாங்க," என்றாள் லிஃப்டுக்காரி.

அந்த அம்மா சற்றுத் தயங்கினார். பிறகு உள்ளே போய்க் குடையை எடுத்துக்கொண்டு, பட்டாணியின் சாப்பாட்டை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு வந்தார்.

தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முன்னால் குடையோடு ஓர் அம்மாள். அடுத்து ஒரு சின்னப் பெண்ணும் அவள் விரலைப் பிடித்த ஒருத்தியும். கடைசியில், குழந்தை நாற்காலியைக் கிரீடம் மாதிரித் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒருவர். அவர் முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்த்து எதிரே வந்த சைக்கிள்காரரும் காரணம் தெரியாமல் சிரித்துவிட்டுப் போனார்.

கார் பட்டறைக்கு வந்து சேர்ந்ததும் வேலை தொடங்கியது. கண்ணாடிக்காரரும் இன்னொருவருமாக வைப்பரைக் கழற்றினார்கள், ஓரப் பட்டைகளை உரித்தார்கள். ஒரு மெல்லிய கம்பியைப் பழைய பசைக்குள் நுழைத்து, ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து இழுத்து இழுத்து அறுத்தார்கள். பிறகு கைப்பிடி வைத்த இரண்டு ரப்பர் கிண்ணங்களைக் கண்ணாடியில் அழுத்தினார்கள். கிண்ணம் பிடித்துக்கொண்டது. கண்ணாடி முழுதாக எழும்பி வந்தது. காருக்கு முகமே இல்லாமல் போயிற்று.

பட்டாணி வாயைப் பிளந்தாள். அதுவரை நாற்காலியை விட்டு நகராதவள், மஞ்சள் கோடு போட்ட இடம்வரை போய் நின்றாள். பழைய கண்ணாடியை ஓரமாக வைத்துவிட்டுக் கிண்ணத்தை எடுத்தபோது பக் என்று ஒரு சத்தம் வந்தது.

"முத்தம் குடுக்குது," என்றாள்.

கண்ணாடிக்காரர் வேலையை நிறுத்திவிட்டு, கிண்ணத்தைச் சுவரில் ஒட்டி மறுபடியும் எடுத்துக் காட்டினார். பக். அவள் சிரித்தாள். இவர்கள் அவள் சிரித்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை. இன்னொரு தடவை செய்யச் சொன்னாள். அவர் செய்தார். இன்னொரு தடவை. நிர்வாகி அம்மா, "வேலையைப் பாக்க விடும்மா," என்று சொன்னார். ஆனால் அவரே அடுத்த தடவை கிண்ணத்தை வாங்கிச் சுவரில் அழுத்திப் பார்த்தார்.

பிறகு கார்ச் சட்டத்தைத் துடைத்து, அதைச் சுற்றிக் கறுப்புப் பசையைத் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியால் பிழிந்துகொண்டே வந்தார்கள். ஒரே தடிமனாக, கூம்பு கூம்பாக, எங்கும் விடாமல். பேக்கரிக்காரருக்கு உட்கார முடியவில்லை. எழுந்து பக்கத்தில் போனார்.

"இதை நான் தினமும் செய்யறேன்," என்றார். "கேக் மேல."

"மூலை திரும்பறப்ப கை நடுங்குமா உங்களுக்கு?"

"மூச்சை நிறுத்திக்குவேன்."

"நானும்தான்," என்றார் கண்ணாடிக்காரர். இருவரும் ஒன்றாக மூச்சை நிறுத்த, பசை மூலையைத் திரும்பியது.

புதுக் கண்ணாடி இறங்கி உட்கார்ந்தது. நாடா ஒட்டினார்கள். பசை இறுகும்வரை காத்திருக்க வேண்டும். பட்டறை வரவேற்பறையில் டப்பாவைத் திறந்து, ரொட்டியைப் பிய்த்து, ஐந்தாறு பேரும் சாப்பிட்டார்கள். வியர்வை சொட்டி நமுத்திருந்த ரொட்டியைப் பட்டாணி ஒரு வார்த்தை சொல்லாமல் தின்று முடித்தாள்.

அந்த நேரத்தில்தான், அக்கா போனில் சொன்ன இடத்தைக் கண்டுபிடித்து வந்து சேர்ந்தார் மைக். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. வாய் ஒரு பக்கம் மட்டும் அசைந்தது. அக்காவைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்து அத்தானிடம் நீட்டினார். பின்பக்கம் பெரிய எழுத்தில், "தண்ணி ஊத்தாதீங்க. ஏசி போடாதீங்க," என்று இருந்தது.

பேக்கரிக்காரர் படித்துவிட்டு, தாளை மடித்து, மைத்துனரைக் கட்டிக்கொண்டார். "இனிமே நீ பேசு. எவ்வளவு வேணும்னாலும் பேசு. நான் கேக்கறேன்."

மைக் பேச வாயெடுத்தார். "க்கேம்ரா," என்று வந்தது. பட்டாணி அவரைப் பார்த்துவிட்டு, தன் வாயையும் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு, "க்கேம்ரா," என்றாள். அவர் மறுபடி சொல்ல, அவளும் சொன்னாள். அதற்குப் பிறகு அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. மரத்துப் போன கன்னத்தைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அவர் சொல்ல வந்தது நியாயமான விஷயம். முன்கண்ணாடிக்குப் பின்னால், பின்வண்டிகளைப் பார்க்கிற உள்கண்ணாடி பக்கத்தில் ஒரு சின்னக் கேமரா இருந்தது. முன்னால் போகிற வண்டி திடீரென்று நின்றால் எச்சரிப்பது அதுதான். கண்ணாடியை மாற்றினால் அதன் பார்வையும் விலகிவிடும். திரும்ப நேர் செய்யாமல் வண்டியை எடுக்கக் கூடாது. அந்த வேலையும் காப்பீட்டிலேயே சேர வேண்டும். கண்ணாடிக்காரர் சிரித்துக்கொண்டே, "எழுதிட்டேன் சார், சேர்த்துத்தான் கேட்டிருக்கேன்," என்றார். கட்டம் கட்டமாக வரைந்த ஒரு பலகையைக் காருக்கு முன்னால் நிறுத்திச் சரி பார்த்தார்கள். காருக்குக் கண் டெஸ்ட் என்று பட்டாணிக்கு விளக்கினாள் லிஃப்டுக்காரி. பாஸா என்று கேட்டாள் பட்டாணி. பாஸ்.

நாற்காலியைப் பொருத்தினார்கள். நிர்வாகி அம்மா வாரை இழுத்துப் பார்த்தார். மறுபடியும் இழுத்துப் பார்த்தார். மூன்றாவது தடவை இழுக்கக் கையை நீட்டியவர், வாரைப் பிடிக்காமல் குழந்தையின் கன்னத்தைப் பிடித்தார். பிறகு குடையை விரித்துக்கொண்டு, வெயிலே இல்லாத தெருவில் வேகமாக நடந்து போனார்.

கண்ணாடிக்காரர் ஜன்னல் பக்கம் வந்தார். "ஒரு விஷயம். நாளைக்கு வரைக்கும் கதவை அடிச்சுச் சாத்தாதீங்க. உள்ள காத்து அழுத்தி, பசையைத் தள்ளிடும். ஜன்னலைக் கொஞ்சம் திறந்தே வையுங்க. நாடாவைப் பிரிக்காதீங்க. வண்டியைக் கழுவாதீங்க." கடைசி வாக்கியத்தை அவர் பேக்கரிக்காரரைப் பார்த்துச் சொன்னார்.

திரும்பும் வழியில் பட்டாணி பேசினாள். காப்பகத்து நாயைப் பற்றி, பக் என்ற சத்தத்தைப் பற்றி, கண் டெஸ்டைப் பற்றி. பேக்கரிக்காரர் முன்னிருக்கையில் உட்காராமல் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒவ்வொன்றுக்கும் "அப்புறம்?" என்றார். லிஃப்டுக்காரி ஓட்டிக்கொண்டே ஒரு கையால் கண்ணைத் துடைத்தாள். காலையில் அவள்தான் சொன்னாள், ஒரு ஆளாவது அழ வேண்டும் என்று. அது தானாக இருக்கும் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை.

வீட்டு வாசலில் நின்றபோது பின்னாலேயே தன் வண்டியில் வந்த மைக் ஓடிவந்து பட்டாணியின் பையை வாங்கிக்கொண்டார். ஒரு கையில் பை, இன்னொரு கை கன்னத்தில். கார்க் கதவை இடுப்பால் தள்ளப் போனார்.

"மெதுவா," என்றாள் பட்டாணி.

மைக் அப்படியே நின்றார். இடுப்பை எடுத்துக்கொண்டு, விரல் நுனியால் கதவைத் தள்ளினார். அது பாதியில் நின்றது. இன்னும் கொஞ்சம் தள்ளினார். மூடியும் மூடாமலும் இருந்தது. பேக்கரிக்காரர் வந்து உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். ஆகவில்லை. லிஃப்டுக்காரி இருவரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, தாழ்ப்பாள் எங்கே பிடிக்கிறது என்று குனிந்து பார்த்து, கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு தடவை அழுத்தினாள். கிளிக் என்றது.

பட்டாணி நாடா ஒட்டிய கண்ணாடியைப் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். அசையவில்லை. திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு, எந்த வீடு என்று யாரையும் கேட்காமல், முதலில் கண்ணில் பட்ட கேட்டைப் பார்த்து நடந்தாள். அது பக்கத்து வீடு.

"பட்டாணி, இந்தப் பக்கம்மா," என்று சாவியை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள் அவள் அம்மா.